காயாத சட்டைக்கை

மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று மாப்பிள்ளை போன் செய்தபோது என் கணவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நான் போனை வைத்து, அடுப்பை அணைத்து, ஜன்னல்களைச் சாத்தி, பையில் நாலு துணியைத் திணித்து, காணாமல் போயிருந்த வீட்டுச் சாவியைத் தேடிக் கண்டுபிடித்து வாசலில் வந்து நின்றபோதும் அவர் ஷூ லேஸ்தான் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது காலுக்கு வந்திருந்தார், அவ்வளவுதான்.

அவர் பல் டாக்டர். ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் எந்தப் பல் என்று நாலு தடவை கேட்பார். வலியில் துடிப்பவர்களுக்கே பொறுமை போய்விடும். நான் தையல் கடை வைத்திருப்பவள். நாளைக்குத் தருகிறேன் என்று சொன்ன துணியை இன்றைக்கே தைத்துக் கொடுத்துவிட்டு, ஏன் இன்னும் வாங்க வரவில்லை என்று வாடிக்கையாளரைத் திட்டுகிறவள். எப்போதும் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவள் மாதிரி நிற்கிறாய் என்பார் அவர். இந்த இரண்டு பேருக்கும் பிறந்த பெண் எப்படியோ நிதானமானவளாக வந்துவிட்டாள். அவள்தான் இப்போது ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, நான் வந்தால்தான் ஆச்சு என்று அழுதுகொண்டிருக்கிறாள்.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அடுத்த வாரம் போனால் போதும் என்று நினைத்திருந்தோம். இரண்டு நாளாகக் கொட்டிய மழையில் வழியில் இருந்த பாலம் போய்விட்டது. சுற்றுவழியில் காரில் போனால் பொழுதுக்கும் ஆகும். மிச்சம் இருந்தது என் சக்களத்திதான். என் கணவர் ஓட்டும் சொந்த விமானத்துக்கு நான் வைத்த பெயர் அது. நாலு பேர் உட்காரும் சின்ன விமானம், எங்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னைவிட அதிகமாக அவளோடுதான் இருப்பார். அவளுக்கு ஆகும் செலவில் எனக்கு இன்னொரு கடை வைத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவள் காலில் விழக்கூடத் தயாராக இருந்தேன். அவள் மனது வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் மகள் பக்கத்தில் இருக்கலாம்.

காரில் போகும்போது மாப்பிள்ளை மகளிடம் போனைக் கொடுத்தார்.

"அம்மா, நீ வந்துடுவல்ல? பயமா இருக்கும்மா. சீக்கிரம் வா."

"கிளம்பிட்டோம்டி. நீ கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அங்க இருப்பேன்."

சொல்லிவிட்டேன். பக்கத்தில் என் கணவர், எதிரே வண்டியே இல்லாத ரோட்டில், சிக்னல் பச்சையாக மாறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

விமானத் திடல் ஊருக்கு வெளியே இருந்தது. ஒரே ஓடுபாதை, தகரக் கூரை போட்ட கொட்டகை, உடைந்த நாற்காலிகள் கிடக்கும் ஓர் அறை. காற்றில் கொட்டகையின் கூரைத் தகடு பெயர்ந்துவிட்டதால் மெக்கானிக் விமானங்களை வெளியே தள்ளி வைத்திருந்தார். என் சக்களத்தி இரண்டு நாள் மழையிலும் நனைந்துகொண்டு நின்றிருக்கிறாள். அன்று காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. இதைவிட நல்ல வானம் கிடைக்குமா, ஏறி உட்கார வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

அவர் அறைக்குள் போய் வானிலை பார்க்க உட்கார்ந்துவிட்டார். இங்கே நீலமாக இருந்தால் போதாதாம். மகள் இருக்கும் ஊரில் மேகம் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருக்கிறதாம். உச்சிப்பொழுதுக்குத்தான் விலகும், சாயங்காலம் மறுபடியும் மழை வரும், நடுவில் போய் இறங்கிவிட வேண்டும் என்றார். உச்சிப்பொழுது வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்கும் ஓடுபாதைக்கும் நடந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். மேகம் விலகியதா என்று கேட்டேன். தண்ணீர் குடித்தேன். விலகியதா என்று மறுபடியும் கேட்டேன். மெக்கானிக் என்னைப் பார்த்து, இன்னும் நடந்தால் தரை தேய்ந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதிலும் உட்காரவில்லை.

கடைசியில் அவர் எழுந்து வந்து, போகலாம் போலிருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் போகலாம் போலிருக்கிறது என்பதற்கும் போவதற்கும் நடுவில் அவருடைய பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது.

அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விமானத்தை மூக்கில் தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொன்றையும் கையால் தொடுவார், வாயால் சொல்வார். டயர், பிரேக், இறக்கையின் கீல், வால், ஒவ்வொரு திருகு. நடுவில் யாராவது குறுக்கே பேசினால் போச்சு, மறுபடியும் மூக்கிலிருந்து ஆரம்பிப்பார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். விட்ட இடம் என்று நாம் நினைக்கிற இடம் வேறு, நிஜமாக விட்ட இடம் வேறு என்றார். ஒரு முறை வால் வரைக்கும் போனவரிடம் மெக்கானிக் டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டார். எல்லாம் முதலிலிருந்து. டீயும் ஆறிப்போனது.

அதில் எனக்கும் ஒரு வேலை உண்டு. பெட்ரோல் பார்ப்பது. இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பிளாஸ்டிக் கப்பை வைத்து அழுத்தினால் டாங்க்கின் அடியில் இருப்பது கொஞ்சம் கப்பில் இறங்கும். இரண்டு இறக்கைகளிலும் ஒவ்வொன்று, மூக்குக்கு அடியில் ஒன்று. பெட்ரோலோடு தண்ணீர் கலந்திருந்தால் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கும், மேலே பெட்ரோல் நிற்கும், நடுவில் கோடு தெரியும். விமானப் பெட்ரோலுக்கு இலேசான நீலச் சாயம் போட்டிருப்பார்கள். அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இது முன்பு மகளின் வேலை. சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு திடலுக்கு வந்து, கப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூக்குக்குக் கீழே கொண்டுபோய் ஆழமாக மோந்து, கண்ணைச் சொருகிக்கொண்டு, 'பெட்ரோல்தான்' என்று பெரிய அதிகாரி மாதிரி அறிவிப்பாள். அவள் கல்யாணமாகிப் போனதும் கப் என் கைக்கு வந்தது. மோந்தும் பார் என்று அவர் எனக்கும் சொல்லித்தான் கொடுத்தார். எனக்குப் பெட்ரோல் வாசனை ஆகாது, தலை தெறிக்கும். கடையில் துணியில் எண்ணெய்க் கறை பட்டால் பெட்ரோல் போட்டு எடுப்போம். அந்த வேலையைக்கூட என்னிடம் வேலை செய்யும் பெண்ணிடம் தள்ளிவிட்டு நான் வெளியே போய் நிற்பேன். அதனால் கப்பைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக் கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இதுவரை கோடு இருந்ததில்லை.

அன்றைக்கு நான் இன்னொன்றும் செய்தேன். அவர் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே போனைச் சத்தமில்லாமல் நடுங்க மட்டும் வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். போன் மணி அடித்தால் அவர் காதில் விழும். விழுந்தால் மூக்கிலிருந்து ஆரம்பிப்பார். என்னால் அதைத் தாங்க முடியாது.

வலது டாங்க் பார்த்தேன், சுத்தம். மூக்குக்கு அடியில் பார்த்தேன், சுத்தம். இடது டாங்க்குக்கு வந்து கப்பை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது பையில் போன் நடுங்கியது. என் மார்பே நடுங்கிய மாதிரி இருந்தது. கை உதறி, கப்பில் பாதி என் சட்டைக்கையில் கொட்டிவிட்டது. மிச்சத்தை வானத்துக்கு எதிரே தூக்கினேன். நீலம். கோடு இல்லை. அவர் வால் பக்கம் குனிந்திருந்தார்.

"இடது பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. சுத்தம்."

மிச்சத்தைப் புல்லில் கொட்டினேன். போனை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டோம். எஞ்சின் முதல் தடவையிலேயே எடுத்தது. என் சக்களத்தி இவ்வளவு நல்லவளா என்று நினைத்தேன். ஓடுபாதையை நோக்கி உருண்டபோது, அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், போனை எடுத்தேன். மாப்பிள்ளை அழைத்துவிட்டுச் செய்தியும் அனுப்பியிருந்தார். 'உள்ளே கூட்டிட்டுப் போய்ட்டாங்க அத்தை. உங்களையேதான் கேட்டுட்டு இருக்கா.'

எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அழுகிறேனோ என்று நினைத்தேன். இல்லை, போன் மேல் ஈரம். சட்டைக்கையால் துடைத்தேன், இன்னும் ஈரமானது. மறுபடியும் துடைத்தேன். அப்போதுதான் சட்டைக்கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பருத்தித் துணியில் பெட்ரோல் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜில்லென்று இருக்கும், துணியைத் திருப்பிப் போடுவதற்குள் பறந்துவிடும், வாசனை மட்டும் நாள் முழுக்க நிற்கும். இது கொட்டி எவ்வளவு நேரமாகிறது. அவர் வாலைப் பார்த்து முடித்து, ஏறி, பெல்ட் போட்டு, எஞ்சினைக் கிளப்பி, இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. கதவு மூடிய இந்தச் சின்ன இடத்தில் பெட்ரோல் நனைந்த சட்டையோடு நான் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் என் தலை இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். தலை வலிக்கவே இல்லை. கையை மூக்கருகே கொண்டுபோனேன். காலையில் போட்ட சோப்பு வாசனை வந்தது.

கொட்டியது பெட்ரோலே இல்லை. ஆனாலும் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. இறக்கையில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும், அது சொட்டியிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேர்வையாக இருக்கும். எஞ்சின் இவ்வளவு அழகாக ஓடுகிறதே, தண்ணீர் இருந்தால் ஓடுமா. இப்போது சொன்னால் இவர் நிறுத்துவார், மூக்கிலிருந்து ஆரம்பிப்பார், அதற்குள் சாயங்கால மழை வந்துவிடும். அங்கே அவள் தனியாகக் கத்திக்கொண்டிருப்பாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் என்னிடம் வேறெதையும் கேட்டதில்லை.

ஓடுபாதையின் முனையில் விமானத்தை நிறுத்தி, எஞ்சினைக் கர்ஜிக்கவிட்டு, எல்லா மீட்டர் முட்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். பக்கத்தில் இருப்பவர் 'போலாம்' என்று வாயால் சொல்லாமல் அவர் மேலே கிளம்பியதே இல்லை. குழந்தையாக இருந்த மகளிடம்கூடக் கேட்டுத்தான் கிளம்புவார். நான் வழக்கமாக அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன்.

"போலாமா?"

போலாம் என்ற சொல் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. அவ்வளவு சின்னச் சொல்.

"என்னம்மா?"

"நிறுத்துங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. முதலில் கை நெம்புகோலை இழுத்தது, எஞ்சின் செத்தது, விசிறி இரண்டு தடவை ஆடி நின்றது. அப்புறம்தான் கேட்டார்.

"இடது டாங்க்ல தண்ணி இருக்கு. கையில கொட்டுச்சு, பெட்ரோல் வாசனையே இல்ல. நான் சரியா பாக்கல. நடுவுல போன் வந்துச்சு, உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

அவர் என் கையைப் பிடித்து இழுத்துச் சட்டைத் துணியை மோந்தார். கதவைத் திறந்து இறங்கினார். நானும் இறங்கினேன். இடது இறக்கைக்கு அடியில் குனிந்து கப்பை வைத்து அழுத்தி, நிறைந்ததும் என்னிடம் நீட்டினார். வானத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். சற்று முன் பார்த்த அதே நீலம்.

"கோடு இல்லையே," என்றேன்.

அவர் கப்பை வாங்கி, இறக்கையின் வெள்ளை வண்ணத்துக்கு எதிரே பிடித்தார். நீலமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நிறமே இல்லாத வெறும் தண்ணீர், குழாயில் பிடித்த மாதிரி.

"மேல பெட்ரோலே இல்லன்னா கோடு எங்கேருந்து வரும்?" என்றார்.

வானத்தின் நீலத்தைப் பெட்ரோல் என்று பார்த்திருக்கிறேன். கப் முழுக்கத் தண்ணீர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் கெடுதலைத் தேடினேன், முழுக் கெடுதல் கண்ணுக்கு முன்னாலேயே நின்றிருக்கிறது.

மெக்கானிக் ஓடிவந்தார். மூன்று பேருமாகச் சக்களத்தியைத் தள்ளிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தோம். மெக்கானிக் கப் கப்பாக எடுத்து ஒரு பாட்டிலில் ஊற்றினார். பாட்டில் நிறைந்து இன்னொரு பாட்டில் தேட வேண்டியிருந்தது. பிறகு ஏணி போட்டு இறக்கை மேல் ஏறி டாங்க்கின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த ரப்பர் வளையம் வெடித்துக் கிடந்தது. இரண்டு நாள் மழையும் அந்த வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. புது வளையம் டவுனிலிருந்து வர வேண்டும், வந்த பிறகு இறக்கையை ஆட்டி ஆட்டி, தங்கவிட்டு, மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் மழை பிடித்துவிடும். இன்றைக்கு இனி இல்லை என்றார்.

எஞ்சின் நன்றாகத்தானே ஓடியது என்று கேட்டேன். குழாயில் இருந்த நல்ல பெட்ரோலில் ஓடியிருக்கிறது, இடது டாங்க்கின் தண்ணீர் இன்னும் எஞ்சினுக்கு வந்து சேரவில்லை என்றார். எவ்வளவு நேரம் ஓடியிருக்கும் என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். மெக்கானிக் ஓடுபாதையின் கோடியைக் கை காட்டினார்.

"மேல ஏறுற வரைக்கும் ஓடியிருக்கும்மா. அதோ, அந்த மரத்துக்கிட்ட நின்னிருக்கும்."

மரத்தைப் பார்த்தேன். நல்ல உயரமான மரம். காற்றில் இலை அசைந்துகொண்டிருந்தது. என் கணவரின் தலைக்கு மேல் அது வருகிற மாதிரி தோன்றியது. என் தலையைப் பற்றி ஏனோ தோன்றவில்லை.

என் கணவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. திட்டித் தொலைத்தால்தான் என்ன, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நானே சண்டைக்குப் போனேன். அவர் புல்லில் உட்கார்ந்து, அவிழ்ந்தே இல்லாத லேஸை அவிழ்த்துக் கட்டப் பார்த்தார். கட்ட வரவில்லை. எத்தனையோ பேர் வாய்க்குள் ஊசி போட்ட விரல்கள் அவை, ஒரு முடிச்சுப் போட முடியாமல் நடுங்கின.

"மூணு கப்பையும் நான் வாங்கிப் பாத்திருக்கணும்," என்றார். "நீ அவசரத்துல இருக்கன்னு தெரியும். எனக்கும் அவசரம்தான். உன்னோடது வெளிய தெரியுது, அவ்வளவுதான்."

அவர் முன்னால் உட்கார்ந்து லேஸை நான் கட்டினேன். இரட்டை முடிச்சு. அழுகை வந்தது, அடக்கவில்லை. இந்த மனுஷனை அந்த மரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க இருந்தேன். அது என்னால் ஆகியிருக்கும், வேறு யாராலும் இல்லை.

மழை தகரத்தில் விழ ஆரம்பித்தபோது மாப்பிள்ளை அழைத்தார். பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். மகளிடம் கொடுத்தார்.

"எங்கம்மா இருக்க?"

"தரையிலதான்டி இருக்கேன்."

"வரேன்னு சொன்னியே. எவ்வளவு கூப்பிட்டேன் தெரியுமா."

ஒன்றுவிடாமல் சொன்னேன். போன் நடுங்கியது, மறைத்தது, வானத்துக்கு எதிரே தூக்கியது, மரம், எல்லாம். அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதன் குரலை அப்போதுதான் முதலில் கேட்கிறேன் என்பதுகூட எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"கப்பை மோந்து பாத்தியா?"

"இல்ல."

"நான் மோந்து பாப்பேன்ல."

"ஆமா. நீ பாப்ப."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா, கோபமா என்று தெரியவில்லை. பிறகு, "மெதுவா வாம்மா. இவ எங்கயும் போயிட மாட்டா," என்றாள்.

மறுநாள் காலையில் வளையம் மாற்றியிருந்தது. டாங்க்கைத் தங்கவிட்டு எடுத்துப் பார்த்து மெக்கானிக் தலையாட்டினார். அங்கேயும் இங்கேயும் வானம் திறந்திருந்தது. என் கணவர் மூக்கில் ஆரம்பித்து, தொட்டு, சொல்லி, வால் வரைக்கும் வந்துவிட்டார். வலது டாங்க்கையும் மூக்குக்கு அடியிலும் முடித்துவிட்டு இடது பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பையில் போன் நடுங்கியது.

எடுத்துப் பார்த்தேன். மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். திறந்து பார்க்கக் கை பறந்தது. அப்படியே பையில் போட்டேன்.

"என்னங்க," என்று கூப்பிட்டேன். "போன் வந்துச்சு. முதல்லேருந்து ஆரம்பிங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூக்குப் பக்கம் நடந்தார். நான் வலது டாங்க்குக்குத் திரும்பிப் போனேன். கப்பை நிறைத்து, வெள்ளை வண்ணத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, பிறகு மூக்குக்குக் கீழே கொண்டுவந்து ஆழமாக இழுத்தேன். மூன்று இடத்திலும் அப்படியே செய்தேன். மூன்றாவது கப் முடிவதற்குள் தலை விண்விண்ணென்று தெறித்தது. இவ்வளவு நிம்மதியான தலைவலி எனக்கு வந்ததே இல்லை.